பழங்காலக் கொள்ளைநோயும் காலநிலையும்: மன்றச் செயலரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினப் பெருமக்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், மன்றத்தின் ஆய்வுப் பணியை மட்டும் முன்வைக்கிறேன். கி.பி. 541-இல் எகிப்தின் பெலூசியத்தில் தலைகாட்டி, மறு ஆண்டே கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளைச் சூறையாடிய, பேரரசர் ஜஸ்டினியன் காலத்துப் பிளேக் கொள்ளைநோய்க்குக் காலநிலை எந்த அளவுக்குக் காரணம் என்பதே இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

536-இல் ஆண்டு முழுவதும் சூரியன் நிலவைப்போல ஒளி மங்கிக் கிடந்ததாக, அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதிவைத்தார். வெயிலை மறைத்த எரிமலைப் புகையின் எச்சமாகத் துருவப் பனியில் படிந்துள்ள கந்தகமும், குளிரால் குறுகிப்போன மர வளையங்களும் அவர் கூற்றை உறுதி செய்கின்றன. 540-இலும் பெரும் எரிமலை வெடிப்பு நிகழ்ந்ததால், குளிர் நீங்குவதற்குள் அடுத்த குளிர் வந்து சேர்ந்தது.

கூட்டங்களில் மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது எலிகளின் உடலில் ஒட்டி வாழ்ந்து நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியைப் பற்றிய பகுதியாகும். பிளேக் கிருமி பெருகிப் பூச்சியின் முன்குடலை அடைத்துவிட, பசி தீராத பூச்சி மறுபடி மறுபடி கடித்து, உறிஞ்சிய இரத்தத்தைக் கிருமியோடு சேர்த்துக் கடிவாயிலேயே கக்குகிறது. கடும் வெப்பத்தில் இந்த அடைப்பு எளிதில் உண்டாவதில்லை என்பதால், குளிர்ந்த கோடை நோய்ப் பரவலுக்குத் துணைபோயிருக்கலாம். நோயாளிகளைத் தொட்டுப் பணிசெய்த மருத்துவர்களுக்கு அத்தொடுகையால் நோய் தொற்றவில்லை என்று புரோகோப்பியஸ் குறித்திருப்பதும், பூச்சிவழிப் பரவலோடு பொருந்துகிறது. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆஷ்ஹைம் இடுகாட்டில் கிடைத்த பற்களில் அதே கிருமியின் மரபணு கண்டறியப்பட்டுள்ளது.

எனினும் எல்லாப் பழியையும் எரிமலைமேல் சுமத்துவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. குளிர் விளைச்சலைக் குறைத்து மக்களை நலிவுறச் செய்திருக்கலாம். ஆனால் கிருமியைக் கடல் கடத்தியவை, எகிப்திலிருந்து தலைநகருக்குத் தானியம் ஏற்றிச் சென்ற கப்பல்களும் அவற்றில் ஒளிந்திருந்த எலிகளுமாகவே இருக்க வேண்டும். வானிலையை நாம் மாற்ற முடியாது. கிடங்கையும் குப்பையையும் எலியையும் கவனிக்க முடியும். 1994-இல் வெள்ளத்துக்குப் பின் பிளேக் அச்சத்தில் இலட்சக்கணக்கானோர் வெளியேறிய சூரத் நகரம், துப்புரவைச் சீர்செய்து இதைக் காட்டியது.

மனிதருக்கு நோய் வருமுன் எலிகள் செத்து விழும். ஆகவே, காரணமின்றி எலிகள் சாவதையும் மழையளவையும் ஒரே பதிவேட்டில் குறித்துவருமாறு உள்ளாட்சி நிர்வாகத்துக்கு மன்றத்தின் சார்பில் விண்ணப்பம் அளிக்கலாம் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. அதற்கும் இவ்வறிக்கைக்கும் ஒப்புதல் வழங்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலர்