சரக்கு நிற்பது துறைமுகத்தில். காரணம் பிறப்பது கடைக்காரர் மேசையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிச் சந்தைக்காக இந்தியாவிலிருந்து மலேசியாவுக்கு வரவழைத்த பொருள்கள் வாரக்கணக்கில் சுங்கத்தில் முடங்கிக் கிடப்பதாக நம் சிறு வணிகர்கள் வருந்துவது ஆண்டுதோறும் கேட்கும் குரலாகிவிட்டது. அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால், அவர்கள் எல்லோரும் கிள்ளான் துறைமுகத்தையும் பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தையும் சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். கிள்ளானில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் நெடுங்காலம் பத்திரங்கள் தயாரித்துவிட்டு, ஓய்வுக்குப் பின் சொந்த ஊரான சுங்கை சிப்புட்டில் குடியிருப்பவன் நான். தாமதத்தின் பெரும்பகுதி, சென்னையிலோ தூத்துக்குடியிலோ சரக்கு கப்பலேறும் முன்பே, சரியாக எழுதப்படாத ஒரு விலைப்பட்டியலில் தொடங்கிவிடுகிறது என்பதே என் அனுபவம்.

எங்களுடையதைப் போன்ற தோட்டப்புற நகரங்களில் இறக்குமதி நடக்கும் விதமே தனி. ஒரு முழுக் கொள்கலனை நிரப்பும் அளவுக்கு முதல் போடக்கூடிய கடை இங்கு அபூர்வம். ஆகவே பூஜைப் பொருள் கடைக்காரர், மளிகைக்காரர், பாத்திரக் கடைக்காரர், தோட்டத்துக் கோயில் நிர்வாகத்தினர் எனச் சிலர் ஒன்றுசேர்ந்து, நிறுவனப் பதிவு வைத்திருக்கும் ஒருவருடைய பெயரில் சரக்கைத் தருவிக்கிறார்கள். செலவு குறைகிறது என்பது உண்மை. ஆனால் சுங்கத்துறையின் கணக்கில் இறக்குமதியாளர் ஒருவர்தான். கே1 எனப்படும் இறக்குமதி அறிவிப்புப் பாரமும் ஒன்றுதான். பத்துக் கடைகளின் பொருள்களில் ஏதேனும் ஒன்றுக்கு அனுமதி இல்லையென்றாலும் மற்ற ஒன்பது கடைகளின் சரக்கும் அதனோடு சேர்ந்து நிற்கும். கூட்டாகத் தருவிப்பவர்கள் யார் யார் எதைப் போடப்போகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கி, சிக்கலான பொருள்களை வேறாகப் பிரித்து, அவற்றுக்குத் தனிப் பத்திரம் போடுவது நல்லது. பங்காளிகளிடம் பட்டியல் கேட்பதை அவநம்பிக்கை என்று எண்ணும் நம் பழக்கம் இதற்குக் குறுக்கே நிற்கிறது.

பட்டியல் என்று வரும்போது நான் அதிகம் சலித்துக்கொண்டது "பூஜைப் பொருள்கள், 40 பெட்டி" என்ற ஒற்றை வரியைப் பார்த்துத்தான். அப்படி ஒரு பொருள் சுங்கத் தீர்வைப் பட்டியலில் கிடையாது. ஒரே பட்டறையில் வார்த்த பித்தளைச் சாமான்களிலேயே மணி 8306 என்ற தலைப்பில் வரும்; எண்ணெய் ஊற்றி ஏற்றும் குத்துவிளக்கு 9405இல் வரும்; செம்பும் குடமும் வீட்டு உபயோகப் பொருள்களுக்கான 7418க்குப் போகும். ஊதுவத்தி 3307. இந்த எண்களின் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதற்கும் பொது. அவற்றுக்குப் பின்வரும் இலக்கங்களை ஆசியான் நாடுகளும் மலேசியாவும் சேர்த்துக்கொள்கின்றன. வரி எவ்வளவு, அனுமதி வேண்டுமா, சலுகை உண்டா என்பதெல்லாம் இந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது. அனுப்புபவர் ஒவ்வொரு பொருளையும் உலோகம், பயன், எண்ணிக்கை, நிகர எடை ஆகிய விவரங்களோடு தனி வரியில் எழுதிக் கொடுத்தால் முகவருக்கு ஊகிக்க வேண்டிய வேலை இருக்காது. எந்த எண் என்பதில் உண்மையாகவே ஐயம் இருந்தால், சரக்கை அனுப்பச் சொல்லும் முன்பே சுங்கத்துறையிடம் எழுத்து மூலம் முன்தீர்மானம் கேட்டுப் பெற 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் வழி செய்கிறது. சிறு வணிகர்களில் இந்த வழியை நாடியவர்கள் மிகக் குறைவு.

கற்பூரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நமக்கு அது வழிபாட்டுப் பொருள். கப்பல் நிறுவனத்துக்கோ எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். செயற்கைக் கற்பூரத்துக்கு, ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. முறையில் தரப்படும் யூஎன் 2717 என்ற எண்ணும், 4.1 என்ற ஆபத்து வகுப்பும் உண்டு. முன்கூட்டியே அறிவித்து, உரிய பொதியிடலோடு ஏற்ற வேண்டிய அதை ஊதுவத்திப் பெட்டிகளுக்கு நடுவில் சொல்லாமல் வைத்து அனுப்பினால், சோதனையில் தெரியவரும்போது முழுக் கொள்கலனும் ஐயத்துக்கு உள்ளாகும். லேகியம், தைலம் ஆகியவற்றின் நிலையும் இப்படித்தான். மருந்தென்று விற்கப்படும் பாரம்பரியப் பொருளுக்கு மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் பதிவும், 'மால்' என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். கண்மை, கூந்தல் எண்ணெய் போன்றவை அழகுசாதனப் பொருள்களாகக் கொள்ளப்படுவதால் அவற்றையும் முன்னதாக அறிவித்திருக்க வேண்டும். "பாட்டி காலத்திலிருந்து பயன்படுத்துகிறோம்" என்பது சுங்க முகப்பில் எடுபடாது.

உணவுப் பொருள்களிலும் பச்சைப் பொருள்களிலும் இரண்டு அமைப்புகள் வருகின்றன. முறுக்கு, வடகம், மசாலைத் தூள் போன்றவை சுகாதார அமைச்சின் ஃபோசிம் கணினி முறைமை வழியாகச் செல்கின்றன. அங்கு ஆறு நிலைகள் உள்ளன: முதல் நிலையில் சரக்கு தானாகவே விடுவிக்கப்படும், ஐந்தாம் நிலையில் மாதிரி எடுத்து, ஆய்வு முடிவு வரும்வரை சரக்கை நிறுத்தி வைப்பார்கள், ஆறாம் நிலை என்றால் நிராகரிப்பு. இந்திய மசாலைத் தூள்கள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு என்னும் பூச்சிக்கொல்லி வேதிப்பொருள் இருப்பதாக 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நடவடிக்கை எடுத்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு இப்பொருள்களைத் தருவிப்போர், தயாரிப்பாளரிடமிருந்து அந்தத் தொகுதிக்குரிய ஆய்வறிக்கையைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளாமல் கப்பலேற்றுவது அறிவுடைமை ஆகாது. உணவில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பொட்டலத்தின் மீதுள்ள விவரச் சீட்டு. தமிழ்நாட்டின் சிற்றூர்த் தயாரிப்பாளர் தமிழில் மட்டும் அச்சிட்ட பொட்டலம் நமக்கு மகிழ்ச்சி தரலாம். 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளோ மலாயிலோ ஆங்கிலத்திலோ விவரங்களையும், இறக்குமதியாளரின் பெயர், முகவரியையும் கேட்கின்றன. அதை அங்கேயே ஒட்டச் சொல்லிவிட்டால் முடிந்தது.

மல்லிகைச் சரம், வெற்றிலை போன்ற பச்சைப் பொருள்களுக்கு மாக்கிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல், பரிசோதனைச் சேவைத் துறையின் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. இவ்விரண்டும் சரக்கு புறப்படும் முன்பே கையில் இருக்க வேண்டியவை. விமானம் இறங்கிய பிறகு விண்ணப்பித்தால் பூ வாடிவிடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கோயில்களுக்கு வருகிறேன். குடமுழுக்கு நாள் குறித்து, அழைப்பிதழும் அச்சடித்த பிறகு, சிலை வரவில்லை என்று ஓடிவரும் நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன். சுவாமிமலையில் வார்க்கப்பட்ட புதிய ஐம்பொன் சிலையாயினும், மாமல்லபுரத்தில் செதுக்கிய கருங்கல் விக்கிரகமாயினும், அது தொல்பொருள் அன்று என்பதற்கான சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்றால்தான் அங்கிருந்து சிக்கலின்றி வெளியேறும். சிலைக் கடத்தல் வழக்குகள் மிகுந்த பின் இதில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. அடுத்து, சிலையை வைத்து அடிக்கும் மரப்பெட்டி. பூச்சி நீக்க வெப்பமோ புகையோ கொடுத்து, மரப்பொதிகளுக்கான அனைத்துலக விதியான ஐஎஸ்பிஎம் 15இன் முத்திரை குத்திய மரமாக அது இருக்க வேண்டும். சிற்பியின் பட்டறையில் கிடக்கும் பழைய பலகையில் அடித்துத் தருவார்களானால், உள்ளே இருக்கும் தெய்வம் குற்றமற்றதாக இருந்தும் வெளியே இருக்கும் பலகையால் சிக்கல் வரும். வரிவிலக்கு நாடுகிற நிர்வாகங்கள், அதற்கான விண்ணப்பத்தைச் சிலை துறைமுகத்தை அடைந்த பின்னர் நிதியமைச்சுக்கு அனுப்புவதைக் காண்கிறேன். விலக்களிக்கும் அதிகாரம் சட்டத்தில் உண்டு. ஆனால் பதில் வரும்வரை கிடங்குக் கட்டணம் காத்திருக்காது. தைப்பூசக் காவடிக்கு மயிற்பீலி தருவிக்க நினைப்போருக்கும் ஒரு சொல்: மயிலின் தோகை இறகுகளை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை விதித்திருக்கிறது, எந்த முகவராலும் அதற்கு வழி காண இயலாது.

இனி, பலருக்கும் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உண்மை விலையைக் குறைத்து எழுதிய பட்டியலை அனுப்புமாறு கடைக்காரரே கேட்பதும், கேளாமலே அனுப்புபவர் அப்படி "உதவி" செய்வதும் நம்மிடையே சாதாரணமாகிவிட்டன. சுங்க மதிப்பு என்பது பொருளின் விலையோடு காப்புறுதியும் கப்பல் கட்டணமும் சேர்ந்த தொகை. அதே பொருளை மற்ற இறக்குமதியாளர்கள் என்ன விலைக்கு அறிவித்தார்கள் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். விலையில் ஐயம் வந்தால் வங்கி வழிப் பணம் அனுப்பிய சீட்டைக் கேட்பார்கள். பட்டியலில் ஒரு தொகையும் சீட்டில் வேறொரு தொகையும் இருந்தால் அதன் பிறகு நடப்பது தாமதம் மட்டுமன்று, பொய்யறிவிப்புக் குற்றத்துக்கான சுங்கச் சட்டத்தின் 133ஆம் பிரிவும் இருக்கிறது. விலை உண்மையாக இருந்தும் கேள்வி எழுந்தால் நிலைமை வேறு. உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம், உரிய பிணையத்தைக் கொடுத்துச் சரக்கை எடுத்துக்கொண்டு, விலைத் தகராறைப் பின்னர் தீர்த்துக்கொள்ள இடம் தருகிறது. இதை முகவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

இந்தியாவுடனான வர்த்தக உடன்பாடுகளின் சலுகையைப் பெறத் தேவையான, பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்று காட்டும் மூலச் சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசியான்–இந்திய உடன்பாடு மலேசியாவுக்கு 2010 ஜனவரியிலும், மலேசிய–இந்திய உடன்பாடு 2011 ஜூலையிலும் நடைமுறைக்கு வந்தன. ஆண்டுகள் இத்தனை ஆகியும் சான்றிதழிலுள்ள தீர்வைப் பட்டியல் எண் ஒன்றாகவும், கே1இல் உள்ள எண் வேறாகவும் இருப்பதால் சலுகை மறுக்கப்படுவது தொடர்கிறது. பெயர், எடை, பெட்டி எண்ணிக்கை ஆகியவை விலைப்பட்டியலிலும், பொதிப் பட்டியலிலும், கப்பல் சரக்குச் சீட்டிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கப்பல் நிறுவனம் கொடுத்த சரக்கு விவரத்தில் பிழை நேர்ந்தால் அதை அந்நிறுவனம்தான் திருத்த முடியும். ஒரு சிறு பிழைக்கே நாள்கள் போய்விடும். சரக்குச் சீட்டின் வரைவை அனுப்புபவரிடமிருந்து வாங்கி, கப்பல் கிளம்பும் முன்பு ஒருமுறை வாசித்தாலே இது தவிரும். தாமத நாள்களில் ஏறும் கிடங்குக் கட்டணம் துறைமுகத்துக்கும், கொள்கலன் கட்டணம் கப்பல் நிறுவனத்துக்கும் போகின்றன. "கஸ்தாம் (சுங்கத்துறை) எங்களைப் பிழிகிறது" என்று சொல்வோர் ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கலாம்.

சுங்கத்துறை தரப்பில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. கணினி முறைமை முடங்கும் நாள்கள் உண்டு. வழிகாட்டிகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கிடைப்பதால், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கடை வைத்த தலைமுறைக்கு அவை எட்டுவதில்லை. 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதியேற்பு உடன்பாட்டில் மலேசியாவும் ஓர் உறுப்பு நாடு. சரக்கு வந்து சேரும் முன்பே ஆவணங்களைப் பெற்றுப் பரிசீலிப்பதை அது வலியுறுத்துகிறது. அந்த வசதியைப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்திக்கொள்ள, சிறு வணிகர்களோ கப்பல் வந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கண்ட பிறகுதான் முகவரைத் தேடுகிறார்கள்.

ஆகவே இந்திய வர்த்தகச் சங்கங்களையும் கோயில் நிர்வாகங்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுங்கத்துறை, மாக்கிஸ், சுகாதார அமைச்சு ஆகியவற்றின் அதிகாரிகளை அழைத்து, தமிழில் விளக்கம் தரும் கூட்டமொன்றைத் தீபாவளிக்கான ஆர்டர் போகும் ஜூன் மாதத்துக்கு முன்பு, கோலாலம்பூர் ஹோட்டலில் அன்றி, சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான் போன்ற ஊர்களின் மண்டபங்களில் நடத்த வேண்டும். வருவோர் கடந்த ஆண்டின் விலைப்பட்டியலையும் சரக்குச் சீட்டையும் கையோடு கொண்டுவரும்படி அறிவிப்பிலேயே சொல்லிவிடலாம். அந்தத் தாள்களை வரிவரியாகப் பார்த்துத் தரக்கூடிய ஓய்வுபெற்ற முகவர் அலுவலக ஊழியர்கள் இவ்வட்டாரத்தில் சிலர் இருக்கிறோம். அழைத்தால் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுங்க முகவர் அலுவலக ஊழியர்,
சுங்கை சிப்புட், பேராக்