கட்டடத்துக்குத் தருவது போல ஆளுக்கும் நிதி தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உள்ளாட்சிகளுக்கு வரும் சுகாதார நிதி, திட்டம் என்று ஆரம்பித்தால் யார் மனதிலும் ஒட்டாது. நாங்கள் வட சென்னையில் இருக்கிறோம். ஒரே வாரத்தில் தெருவில் ஐந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஒரு வீட்டில் பானி பூரி சாப்பிட்டதால் என்றார்கள், இன்னொரு வீட்டில் பல் முளைக்கிறது என்றார்கள், என் பேரனுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். ஆளுக்கொரு கிளினிக், ஆளுக்கொரு மருந்துச் சீட்டு. ஐந்து வீட்டுக்கும் தண்ணீர் வருவது ஒரே குழாயில் என்பது அந்த டாக்டர்களில் ஒருவருக்கும் தெரிய வழியில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்கள் பார்த்தது ஒரு குழந்தையைத்தான்.

அதைக் கண்டுபிடித்தது பக்கத்து சுகாதார நிலையத்தில் இருந்த ஒரு நர்ஸ். வருகிறவர்களின் கதவு எண்ணைத் தன் நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அந்தப் பெண்ணுக்கு. ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் இரண்டு குழந்தைகள் வந்ததும், டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். வீடு வீடாகக் கேட்டார். குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழலில் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டு, "குளோரின் இருந்தா மஞ்சளாகணும், நிறமே மாறலை பாருங்கம்மா" என்று காட்டினார். அப்புறம்தான் போன் பறந்தது, ஆட்கள் வந்து தோண்டினார்கள், பழைய குழாயில் சாக்கடை கசிந்து கலந்திருந்தது. அதற்குள் அவர் எல்லோர் வீட்டிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டார். ஒரு குழந்தைக்குக்கூட டிரிப்ஸ் ஏற்ற வேண்டி வரவில்லை.

அந்த நர்ஸ் இப்போது எங்கள் நிலையத்தில் இல்லை. ஒப்பந்த வேலை, சம்பளம் போதவில்லை, ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வேறு நிலையத்திலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒருவர் வந்து போகிறார். பாவம், அவருக்கு எங்கள் தெரு எது என்றே தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். உள்ளாட்சிகளின் சுகாதாரத்தைப் பலப்படுத்த அரசு பணம் ஒதுக்குகிறது, நல்லது. ஆனால் அந்தப் பணத்தில் கண்ணில் படுவது கட்டடமும் கருவியும் பெயிண்டும்தான். தெருவை அறிந்த ஆளைப் பல வருஷம் ஒரே இடத்தில் நிலையாக வைத்திருக்க என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டால் சரியான பதில் வருவதில்லை.

பணமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மத்திய அரசின் வரிப்பணத்தை மாநிலங்களுக்கு எப்படிப் பங்கிடலாம் என்று சொல்லும் 15வது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு, உள்ளாட்சி அமைப்புகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. சுகாதாரப் பணத்தை உள்ளாட்சி வழியாகத் தருவது என்ற எண்ணமே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் 1992இல் வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பட்டியல் போட்ட வேலைகளில் பொது சுகாதாரமும் துப்புரவும் உண்டு. நம் மாநிலத்தில் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அறிவித்து, 2023 ஜூனில் ஒரே நாளில் 500 மையங்களைத் திறந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர் என்பது கணக்கு. காலையில் 8 முதல் 12 வரை, மாலையில் 4 முதல் 8 வரை. அந்த மாலை நேரத்தை யோசித்துச் சேர்த்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம், வீட்டு வேலைக்கும் கம்பெனிக்கும் போய்த் திரும்பும் பெண்கள் சம்பளத்தை இழக்காமல் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கிப் போவது அந்த நேரத்தில்தான். ஆனால் அந்த நான்கு பேரில் ஒருவர் விலகினாலும் மையம் நொண்டத் தொடங்கிவிடும். சுகாதார ஆய்வாளர் இல்லை என்றால் அது வெறும் மாத்திரை தரும் இடம், தெருவுக்குள் இறங்க ஆள் கிடையாது.

அடுத்தது தலைக்கணக்கு. நகரத்தில் 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராகி, 155 வார்டு 200 ஆனது. அந்த எல்லைக்குள் அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 67 லட்சம் பேர், அதாவது சராசரியாக வார்டுக்கு 33,000க்கு மேல். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவே இல்லை. 15வது நிதி ஆணையம் பங்கு பிரித்ததும் 2011 கணக்கை வைத்துத்தான். அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்று பெரிய வகுப்பில் படிக்கிறது, மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் பக்கம் போய்ப் பாருங்கள், அன்று காலி மனையாக இருந்த இடத்தில் இன்று எத்தனை அடுக்குமாடி! பழைய தலைக்கணக்குக்கு ஆள் போட்டால் ஒரு சுகாதார ஆய்வாளர் இரண்டு வார்டைச் சுமக்க வேண்டித்தான் வரும்.

கொசு ஒழிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து தொட்டியையும் டிரம்மையும் பார்த்து மருந்து ஊற்ற வேண்டும் என்கிறார்கள். இரண்டு வாரம் விட்டால் செய்த வேலை வீண். அந்த முட்டை காய்ந்த டயரில் மாதக்கணக்கில் கிடந்து, மழை பட்டதும் பொரிக்கும். ஆக, கொசுப் பணியாளர் வெயில் காலத்திலும் வேண்டும், காய்ச்சல் வந்த பிறகு புகை அடித்தால் மட்டும் போதாது. தினக்கூலிக்கு வரும் அந்தப் பெண்கள் நான்கு மாடி ஏறி மொட்டை மாடித் தொட்டியைப் பார்க்கிறார்கள், பல வீடுகளில் நாம் கதவைக்கூடத் திறப்பதில்லை. கொரோனா நேரத்தில் வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டு வந்த தற்காலிக ஊழியர்களை நினைத்துப் பாருங்கள். அலை ஓய்ந்ததும் அவர்களை அனுப்பிவிட்டோம், அவர்கள் கற்றுக்கொண்டதும் அவர்களோடு போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராஜீவ் காந்தியும் ஸ்டான்லியும் இல்லாவிட்டால் எங்கள் மாதிரி குடும்பங்கள் எங்கே போகும்? ஆனால் நோய் வராமல் பார்ப்பதற்கென்று தனி இயக்ககமே வைத்திருக்கும் மாநிலம் இது. 1939லேயே பொது சுகாதாரத்துக்கென்று சட்டம் போட்ட ஊர் இது, அந்த வகையில் நாட்டிலேயே முதல் சட்டம். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைப்பதால்தான் கேட்கிறேன்.

நிதியில் ஒரு பங்கை நர்ஸ், சுகாதார ஆய்வாளர், லேப் டெக்னீஷியன், கொசுப் பணியாளர் சம்பளத்துக்கென்றே ஒதுக்கி, அதை வேறு எதற்கும் திருப்ப முடியாதபடி செய்யுங்கள். ஐந்து வருஷத் திட்டம் முடிந்ததும் அந்த வேலையும் முடிந்துவிடும் என்ற நிலை வேண்டாம், மாநில அரசும் மாநகராட்சியும் அதைத் தங்கள் செலவாக எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் நகரங்களில் முதல் முறையாகப் பகுதி சபைக் கூட்டம் நடத்தினார்கள். கிராமசபை போல நகரத்துக்கும் ஒன்று என்று ரொம்ப சந்தோஷப்பட்டேன். அந்தச் சபையில் எங்கள் சுகாதார நிலையத்துக்கு இந்த வருஷம் எவ்வளவு வந்தது, எத்தனை பணியிடம் காலி, குழாய்த் தண்ணீரை எத்தனை முறை சோதித்தார்கள் என்ற மூன்றையும் தவறாமல் வாசிக்க வேண்டும். அதையே ஒரு தாளில் எழுதி நிலையத்தின் வாசலில் ஒட்டினாலும் போதும், இதற்குக் கோடிகள் தேவையில்லை.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வார்டு வாரியாகக் காலிப் பணியிடங்களைக் கேட்டு வாங்கி, மழை ஆரம்பிக்கும் முன் வெளியிடுங்கள். எங்கள் வார்டுக்கான வரியில் நர்ஸ் பணியிடம் காலி என்று இருந்தால், அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு அடுத்த பகுதி சபைக்குப் போய்க் கேட்க எங்கள் தெருவில் ஐந்து வீடு தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வட சென்னை