வாக்குக் கொடுக்காத வலை

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தேன்மொழிக்கு,

ஐதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்த கையோடு நீ அனுப்பிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "இணைய இணைப்பு கொடுக்கிற கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதுகிறேன், ஆனால் பொறியாளர்கள் பாக்கெட், ரவுட்டர், பியரிங் என்று பேசினால் தலையை மட்டும் ஆட்டுகிறேன், சட்டம் படித்தவளுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள் அப்பா" என்று கேட்டிருந்தாய். தொலைபேசித் துறையில் தலை நரைத்தவனிடம் கேட்டுவிட்டாய் கண்ணு, சுருக்கமாக வராது.

எங்கள் காலத்து வலையிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய வலை அதை மறுத்துத்தான் பிறந்தது. இங்கிருந்து சென்னைக்கு டிரங்க் கால், அதாவது வெளியூர் அழைப்பு, பதிவு செய்தால், வழியில் உள்ள எக்ஸ்சேஞ்சுகளில் ஆபரேட்டர்கள் ஒவ்வொரு துண்டாகக் கம்பியை இணைத்துக்கொண்டே போவார்கள். இணைந்துவிட்டால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அந்த வழி பேசுகிற இருவருக்கே சொந்தம். இருவரும் வாயே திறக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் வேறு யாரும் அதைத் தொட முடியாது. அதனால்தான் நிமிடக் கணக்கில் காசு வாங்கினோம். 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, வெளியூர் எண்ணை நாமே நேராகச் சுழற்றுகிற எஸ்.டி.டி. வந்தபோது ஆபரேட்டர் போனார், தத்துவம் போகவில்லை. 1984-ல் தொடங்கிய அரசின் தொலைபேசி ஆய்வு மையமான சி-டாட், ஏ.சி. இல்லாமலே ஓடுகிற கிராமத்து எக்ஸ்சேஞ்சைச் செய்தது. அந்தப் பெட்டியின் மேல் எனக்கு இன்றும் தனிப் பாசம் உண்டு. ஆனால் அதுவும் வழியைப் பிடித்துவைத்துக் கொடுக்கிற இயந்திரம்தான்.

கம்ப்யூட்டர்கள் மனிதர்களைப் போலப் பேசுவதில்லை. ஒரு நொடி கொட்டித் தீர்த்துவிட்டு வெகுநேரம் மௌனமாக இருக்கும். அந்த மௌனத்துக்கும் ஒரு கம்பியைப் பிடித்துவைப்பது வீண் செலவு. 1960-களில் இருவர், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே தீர்வுக்கு வந்தார்கள். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தின் பால் பாரன், அணுகுண்டு விழுந்த பிறகும் செய்தி போய்ச்சேர வேண்டும் என்று யோசித்தார். பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ், ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பலர் எப்படிச் செலவு குறைவாகப் பயன்படுத்தலாம் என்று யோசித்தார். இணையமே அணு ஆயுதப் போருக்காகக் கட்டப்பட்டது என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. அது பாரனின் கவலை. பின்னால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் கட்டப்பட்ட அர்பாநெட், ஆய்வு மையங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைப் பகிர்ந்துகொள்ளவே உருவானது. 1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு மையத்துக்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். முதல் இரண்டு எழுத்துகள் போனதும் அந்தப் பக்கத்து இயந்திரம் படுத்துவிட்டது. முதல் நாளே இப்படித்தான்.

இருவரும் கண்ட வழி இது. செய்தியைத் துண்டு துண்டாக வெட்டு. ஒவ்வொரு துண்டின் மேலும் போகவேண்டிய முகவரியை எழுது. அந்தத் துண்டுதான் பாக்கெட். வழியில் இருக்கிற ரவுட்டர் முகவரியைப் பார்க்கும், அடுத்த ரவுட்டர் எது என்று தன் அட்டவணையில் தேடும், தள்ளிவிடும், அதோடு மறந்துவிடும். யாருக்காகவும் வழியைப் பிடித்துவைக்காது. அடுத்தடுத்த பாக்கெட்டுகள் வேறுவேறு பாதையில் போகலாம், வரிசை மாறியும் வந்துசேரலாம். கூட்டம் அதிகமாகி ரவுட்டரின் வரிசை நிரம்பிவிட்டால் புதிதாக வருவதைத் தூக்கிப் போட்டுவிடும். அனுப்பியவருக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஓர் இணைப்பு அறுந்தால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டிய துறை எங்களுடையது!

தொலைந்தால் என்ன செய்வது? 1970-களின் தொடக்கத்தில் பிரான்சில் லூயி பூசான் கட்டிய சிக்லாட் வலை துணிந்து ஒரு பதில் சொன்னது: அது முனைகளின் பொறுப்பு. 1974-ல் வின்ட் செர்ஃபும் பாப் கானும் வெளியிட்ட திட்டத்தில் அந்த எண்ணம் வேர்கொண்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் டி.சி.பி., ஐ.பி. இரட்டை. 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது. ஐ.பி. என்பது முகவரி பார்த்துத் தள்ளிவிடுகிற வேலை. டி.சி.பி. என்பது உன் கம்ப்யூட்டரிலும் எதிர்முனையிலும் மட்டும் இருக்கிற கணக்குப்பிள்ளை. அது எண் போட்டு அனுப்பும், வந்து சேர்ந்ததற்கு ரசீது கேட்கும், ரசீது வராவிட்டால் மறுபடி அனுப்பும்.

இதில்தான் 1986-ல் வம்பு வந்தது. அமெரிக்காவின் பெர்க்லியில் சுமார் 400 கஜ தூரத்தில் இருந்த இரண்டு கட்டடங்களுக்கு இடையே நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு, நொடிக்கு 40 பிட்டாகச் சுருண்டது. நடந்தே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கம்பி அறுபடவில்லை, இயந்திரம் பழுதாகவில்லை. நெரிசலில் பாக்கெட்டுகள் விழ, ரசீது வராத முனைகள் எல்லாம் பதறிப்போய் மறுபடி மறுபடி அனுப்ப, அந்த மறுபிரதிகளே நெரிசலைப் பெருக்கின. அங்கே பணியாற்றிய வான் ஜேக்கப்சன் 1988-ல் வெளியிட்ட மருந்து எளிமையானது. பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு வேகத்தைச் சட்டென்று குறை. ரசீதுகள் ஒழுங்காக வரும்போது மெல்ல மெல்லக் கூட்டு. வலையின் நடுவில் ஒரு போலீஸ்காரரையும் நிறுத்தவில்லை. முனைகள் ஒவ்வொன்றும் தானாக அடங்கின, ஊர் பிழைத்தது. என் கோபமும் அதைப் படித்தபோதுதான் தணிந்தது.

இந்தியக் கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1986-ல் கல்வி நிறுவனங்களுக்காக எர்நெட் என்ற வலை தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசின் வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. மோடம் கீச்சிட்ட அந்தக் காலத்தில் வழியைப் பிடித்துவைக்கிற எங்கள் தொலைபேசியின் முதுகில் ஏறித்தான் பாக்கெட்டுகள் போயின. இப்போது தலைகீழ். 4ஜி போனில் நீ பேசுகிற பேச்சே பாக்கெட்டாகத்தான் போகிறது.

இனி உன் மேசைக்கு வருகிறேன். இணையம் ஒரே வலை அல்ல. தனித்தனி முதலாளிகளின் பல்லாயிரம் வலைகள் எல்லையில் கைகோத்து நிற்கிற கூட்டு. எல்லையில் பேசுகிற மொழிக்கு பி.ஜி.பி. என்று பெயர். 1989-ல் கிர்க் லோஹீடும் யாக்கோவ் ரெக்டரும் சாப்பாட்டு மேசையில் காகித நாப்கினில் கிறுக்கியதிலிருந்து வந்தது அது. "இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்" என்று ஒரு வலை அறிவிக்கும், பக்கத்து வலை நம்பும். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தானில் யூடியூபைத் தடுப்பதற்காக நாட்டுக்குள் போட்ட ஒரு பொய் அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்தது. உலகின் பெரும்பகுதியில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் காணாமல் போனது. அறிவிப்புகளுக்குக் கையெழுத்திட்டுச் சரிபார்க்கிற முறை அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது. பக்கத்து வலையோடு இலவசமாகப் பரிமாறிக்கொள்வது பியரிங். காசு கொடுத்து உலகம் முழுவதற்கும் வழி வாங்குவது டிரான்சிட். பெரும்பாலும் உன் கோப்புகளில் வருவது இந்த இரண்டும்தான்.

நம் வயலுக்கு வருகிற தண்ணீரை நினைத்துப்பார். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. கேரளத்தில் இருக்கிற நம் சித்தூர்ப் பகுதிக்குத் தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தரவேண்டும் என்று சொல்லிவிட்டு, அதை எங்கே அளப்பது என்பதையும் அது சொல்லியிருக்கிறது: மணக்கடவு அணையில். மேலே எந்த மதகு திறந்தது என்பது தமிழ்நாட்டின் பாடு, கீழே எந்தக் கால்வாய் கசிகிறது என்பது கேரளத்தின் பாடு. ஒவ்வொரு கோடையிலும் சண்டை வந்தாலும், பேச உட்காரும்போது கையில் இருப்பது மணக்கடவின் கணக்கு.

நீ எழுதுகிற ஒப்பந்தத்தில் 99.9 சதவீதம் இணைப்பு இருக்கும் என்ற வரி இருக்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேரம் அறுந்து கிடந்தாலும் அந்த வரி மீறப்படாது. அது இருக்கட்டும். வலை யாருக்கும் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. கொடுப்பது உன் கம்பெனி. ஆகவே அந்த 99.9-ஐ எங்கே அளக்கிறார்கள் என்று பொறியாளரிடம் கேள். தங்கள் சொந்த ரவுட்டர் ஒன்றிலிருந்து சொந்த ரவுட்டர் இன்னொன்றுக்கா, வாடிக்கையாளர் வாசல்வரையா, எல்லை தாண்டி அடுத்த வலைக்குள்ளுமா? பாக்கெட் இழப்பு எத்தனை சதவீதம் ஆனால் அறுந்ததாகக் கணக்கு? ஐந்து நிமிட சராசரியா, மாத சராசரியா? மாத சராசரி என்றால் ஒரு முழு இரவு நாசமானதைக்கூட மறைத்துவிடலாம்.

அந்தப் பிரிவை மட்டும், பெயர்களை அடித்துவிட்டு, எனக்கு அனுப்பு. சிவப்பு மையில் திருத்திக் கொடுக்கிறேன். உன் மேலாளருக்குப் பிடிக்காமல் போனால் அப்பா பழைய ஆள் என்று சொல்லிவிடு. அம்மா நிலக்கடலை வறுத்துக் கட்டி வைத்திருக்கிறாள், தீபாவளிக்கு நீ வரும்வரை அது மிஞ்சும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

அன்புடன்,
அப்பா