மாகாண சபை இல்லாத உள்ளூராட்சி: யாழ். மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த எமது மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி சபைகளுக்கும் 2025 மே 6 ஆம் திகதியே தேர்தல் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் செயலாளர்களும் ஆணையாளர்களுமே அவற்றை நடத்தினார்கள். தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கவும் வேண்டியிருந்தது. சபைகள் மீண்டதில் மகிழ்ச்சியே. ஆனால் அவற்றுக்கு மேலே இருக்கவேண்டிய மக்கள் மன்றமான வடக்கு மாகாண சபை, அதன் கட்டடம் இருக்கும் கைதடியில் இன்னும் கூடவில்லை.

அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தின்படி உள்ளூராட்சி சபைகளை மேற்பார்வை செய்யும் அதிகாரம் மாகாண சபைக்கு உரியது. ஒரு பிரதேச சபை தன் சந்தையை ஒழுங்குபடுத்த உபவிதி (தன் எல்லைக்குள் மட்டும் செல்லும் சட்டவிதி) இயற்றினால், அதற்குரிய மாகாண அமைச்சர் அங்கீகரித்து வர்த்தமானியில் வெளிவந்த பின்னரே அது செல்லுபடியாகும். 2013 செப்டெம்பரில் நாம் தெரிவு செய்த வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு அப்படியொரு அமைச்சர் இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே இருக்கிறார். வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தீவகத்திலும் மக்கள் வாக்களித்து அமைத்த சபைகள், அம்மக்களில் எவரும் வாக்களிக்காத ஒருவரின் கையொப்பத்துக்குக் காத்திருக்கின்றன. எவ்வளவு நல்ல ஆளுநராயினும் அவர் பதில் சொல்லவேண்டிய இடம் கொழும்புதான். பிரதேச செயலகங்களும் மத்திய அரசின் கீழேயே இயங்குவதால், ஓர் ஊரின் காணியையும் வீதியையும் பற்றிய பேச்சில் மத்தியின் குரல் இரு பக்கமிருந்தும் கேட்கிறது.

1981 இல் மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலுக்குச் சில நாள்களே இருக்கையில் நூலகத்தை எரியக் கண்ட நகரம் இது. அதன் பிறகும் வாக்குச்சாவடிக்குப் போன மக்களுக்குத் தேர்தலைத் தள்ளிப்போடுவது சிறிய விடயமல்ல.

முடிச்சு விழுந்தது நாடாளுமன்றத்தில். 2017 ஆம் ஆண்டின் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம் பழைய விகிதாசார முறையை நீக்கி, பாதி தொகுதிவாரியாகவும் பாதி விகிதாசாரமாகவும் உறுப்பினர்களைத் தெரியும் கலப்பு முறையைக் கொண்டுவந்தது; அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கைக்கு 2018 ஓகஸ்டில் ஆதரவாக ஒரு வாக்கேனும் கிடைக்கவில்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலையில் தேர்தல் நின்றுபோனது. இந்தத் தடையை நீதிமன்றமோ தேர்தல் ஆணைக்குழுவோ அகற்ற முடியாது. சட்டம் இயற்றும் உங்களால் முடியும்.

ஆகவே, கட்சி வேறுபாட்டை ஒதுக்கி, அடுத்த மாகாண சபைத் தேர்தலையேனும் பழைய விகிதாசார முறையில் நடத்த இடமளிக்கும் திருத்தச் சட்டமூலத்துக்கு நீங்கள் ஒன்றாகக் கையொப்பமிட வேண்டுமெனக் கேட்கிறேன். அதுவரை, சபைகள் அனுப்பும் உபவிதிகளுக்கும் தீர்மானங்களுக்கும் ஆளுநர் அலுவலகம் குறித்த காலத்துக்குள் எழுத்தில் பதிலளிக்க வேண்டுமென மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் வலியுறுத்துங்கள். இவ்விரண்டிலும் உங்கள் ஒவ்வொருவரின் நிலைப்பாட்டையும் பகிரங்கமாக அறியத் தாருங்கள்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்து வாக்காளர் ஒருவர்