தேனிலவுப் பயணத் திட்டம் பற்றி மகளுக்கு

தூத்துக்குடி
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பியிருந்த பயண அட்டவணையை மூன்று முறை படித்தேன். முதல் முறை பெருமையாக இருந்தது. இரண்டாம் முறை மூச்சு வாங்கியது. மூன்றாம் முறை பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

பிரான்சிலிருந்து இத்தாலி வரை பதின்மூன்று இரவுகளில் பதினோரு ஊர்கள் போட்டிருக்கிறாய்: மார்செய், வலன்சோல், அவிஞ்ஞோன், கான், நீஸ், மொனாக்கோ, ஜெனோவா, பீசா, மிலான், வெரோனா, வெனிஸ். இதற்காக ஒன்பது விடுதிகள். காலை பத்து, பதினொரு மணிக்கு ஒரு அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் பிடித்து, அடுத்த ஊரில் பிற்பகல் மூன்று மணிக்குமேல்தான் சாவி கிடைக்கும் என்று சொல்லப்பட்டு, அதுவரை எங்காவது உட்கார்ந்திருப்பதற்கு அரை நாள் போய்விடும். எட்டு முறை இடம் மாறினால் நான்கு முழு நாட்கள் பெட்டியோடு கழியும். எந்தெந்த ஊரைப் பார்ப்பது என்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எந்தெந்த ஊரில் தூங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இதை நான் பட்டு அறிந்துதான் சொல்கிறேன். 2001 ஏப்ரலில் எங்கள் கப்பல் ஜெனோவாவின் உலர்துறையில் ஆறு வாரம் பழுதுபார்ப்புக்கு நின்றபோது அம்மா வந்து என்னோடு இருந்தது உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது ஆச்சியிடம் இருந்தாய். கிடைத்த ஒரே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையில் மொந்தோன், மொனாக்கோ, நீஸ் மூன்றையும் அவளுக்குக் காட்டிவிடுவது என்று நான் திட்டம் போட்டேன். யூரோ நோட்டு புழக்கத்துக்கு வராத காலம். ஒரு சட்டைப்பையில் லிரா, இன்னொன்றில் பிராங்க். இரவு திரும்பும்போது எல்லையில் உள்ள வென்டிமில்யாவில் ஜெனோவா வண்டியைத் தவறவிட்டு, விடியும்வரை நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மொனாக்கோ ரயில் நிலையம் மலைக்குள் குடைந்து கட்டப்பட்டது. அதிலிருந்து மேலே ஏறி, ஒரு காப்பி குடித்து, மறுபடி கீழே இறங்கியதுதான் நாங்கள் கண்ட மொனாக்கோ. இன்றைக்கும் யாராவது கேட்டால் உன் அம்மா, "நடைமேடை நன்றாக இருந்தது" என்றுதான் சொல்கிறாள்.

ஆகவே என் பென்சில் மிச்சம் வைத்தது ஐந்து ஊர்கள்: அவிஞ்ஞோனில் இரண்டு இரவுகள், நீஸில் நான்கு, ஜெனோவாவில் மூன்று, கோமோ ஏரிக்கரையில் வரேன்னாவில் இரண்டு, வெனிஸில் இரண்டு. மார்செயில் விமானம் இறங்கி, வெனிஸிலிருந்து ஏறும்படி ஒரே சீட்டாகப் பதிவு செய்யுங்கள். இறங்கிய ஊருக்கே திரும்பி வருவதற்காக ஒரு முழு நாளைச் செலவழிக்க வேண்டாம். பீசாவை அடித்துவிட்டேன். அது உங்கள் வழியிலிருந்து தெற்கே விலகிக் கிடக்கிறது. சாய்ந்த கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல் ஒரு படம் எடுக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கானையும் அடித்துவிட்டேன், அதற்குக் காரணம் சொல்லப்போவதில்லை.

விசாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். என் கணக்கில் பிரான்சில் ஆறு இரவுகள், இத்தாலியில் ஏழு. முதலில் இறங்குவது பிரான்ஸ் என்றாலும் விண்ணப்பம் இத்தாலிக்குப் போக வேண்டும். நீஸில் இன்னும் ஓர் இரவு கூட்டி வெனிஸில் ஒன்றைக் குறைத்தால் பிரான்சுக்கு. அதனால் இரவுக் கணக்கை முடிவு செய்யாமல் விசா முன்பதிவு செய்யாதே. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பம் வாங்குவார்கள். 15 நாள் முன்பு வரைகூடக் கொடுக்கலாம் என்பது விதி, ஆனால் கல்யாண வேலைக்கு நடுவில் அந்தக் கடைசி நாளை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். இன்னொன்று: கல்யாணமானவுடன் கடவுச்சீட்டில் பெயர் மாற்ற அவசரப்படாதே. விசா, விமானச் சீட்டு, விடுதிப் பதிவு எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருந்தால்தான் வழியில் சிக்கல் வராது. இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் உன் பெயருக்குப் பின்னால் என் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி ஊர்கள். அட்டவணையின் இரண்டாம் நாளில் ஊதா நிறம் பூசி "வலன்சோல் லாவண்டர் வயல்" என்று எழுதியிருக்கிறாய். லாவண்டர் பூப்பது ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரைதான்; ஆகஸ்டுக்குள் அறுத்துவிடுவார்கள். ஆவணி முகூர்த்தம் முடிந்து செப்டம்பர் நடுவில் போகும் உங்களுக்கு அங்கே மொட்டையான வரிசைகள்தான் தென்படும். வருத்தப்படாதே, அது திராட்சை அறுவடைக் காலம். மாப்பிள்ளைக்குக் கார் ஓட்ட ஆசை என்று எழுதியிருந்தாயே, அதை அவிஞ்ஞோனில் ஒரே ஒரு நாள் தீர்த்துக்கொள்ளட்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொல். லுபெரோன் மலைப்பக்கம் கோர்த், ரூசியோன் என்று சிற்றூர்கள் இருக்கின்றன. ரூசியோனில் காவிக்கல் வெட்டியெடுத்த செம்பாறைச் சரிவுகளில் நடந்தால் நம் தேரிக்காட்டில் நிற்பதுபோல் இருக்கும். வெள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு போகாதே. ஒரு நாட்டில் எடுத்த காரை இன்னொரு நாட்டில் விட்டால் கூடுதல் கட்டணம் கண்ணைக் கட்டும். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் அனுமதியில்லாத கார்களைக் கேமரா பிடித்துவிடும். அபராதச் சீட்டு மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும். எனவே மற்றதெல்லாம் ரயில்.

அவிஞ்ஞோனில் 1309 முதல் சுமார் எழுபது ஆண்டுகள் போப்பாண்டவர்கள் குடியிருந்தார்கள். அந்த அரண்மனையையும் பாதியில் நிற்கும் பாலத்தையும் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். இருபத்திரண்டு வளைவுகள் இருந்த பாலம், ரோன் நதியின் வெள்ளத்தில் போனது போக நான்குதான் மிச்சம். நான் உங்களைப் போகச் சொல்வது அங்கிருந்து பேருந்தில் எட்டும் போன் து கார் என்ற ரோமானியக் கால்வாய்ப் பாலத்துக்கு. ஏறத்தாழ 49 மீட்டர் உயரம், மூன்று அடுக்கு, முதல் நூற்றாண்டு வேலை. நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுபோன அந்தக் கால்வாய் முழுவதும் 50 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து இருபது மீட்டருக்கும் குறைவான சரிவில் தண்ணீரைத் தானாக ஓட வைத்தார்கள். முப்பது ஆண்டுகள் எஞ்சின் அறையில் பம்புகளோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன், அது சாதாரண வேலை இல்லை. ஒரு மேலாடை கையோடு இருக்கட்டும். மிஸ்திரால் என்று ஒரு காற்று ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும்; வானம் நீலமாக இருக்கும்போதே எலும்பு வரை குளிரும். லியோன் வளைகுடாவில் அந்தக் காற்றுக்குப் பயந்து நாங்கள் கப்பலில் சாமான்களையெல்லாம் கட்டி வைப்போம்.

அவிஞ்ஞோனிலிருந்து நீஸுக்கு டிஜிவி என்ற அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். அவிஞ்ஞோனில் இரண்டு நிலையங்கள். உங்கள் சீட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். போகும் திசையில் வலப்பக்க ஜன்னல் இருக்கை எடுங்கள். சேன் ரஃபாயெலைத் தாண்டியதும் எஸ்தெரெல் மலையின் சிவந்த பாறைகள் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். நீஸில் நான்கு இரவுகள் எதற்கு என்று கேட்பாய். அங்கே அறையை வைத்துக்கொண்டு, கைப்பையோடு உள்ளூர் ரயிலில் வில்ஃபிரான்ஷ், மொனாக்கோ, மொந்தோன் எல்லாம் போய்வரலாம். எது பிடிக்கவில்லையோ அதை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம். நீஸின் கடற்கரை மணல் இல்லை, கூழாங்கல். வெறுங்காலோடு ஓடலாம் என்று கனவு காணாதே. அந்த ஊர் பிரான்சோடு நிலையாகச் சேர்ந்தது 1860-இல்தான். அதற்கு முன், இடையில் 1792 முதல் 1814 வரை பிரான்சிடம் இருந்தது தவிர, நெடுங்காலம் சவோய் அரச குடும்பத்தின் கையில் இருந்தது. இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டி பிறந்த ஊர் அது. பழைய நகரத்தின் மஞ்சளும் காவியுமான சுவர்களைப் பார்த்தால் எல்லைக்கோடு எவ்வளவு பிந்தி வந்தது என்பது புரியும்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். நீங்கள் போவது புரட்டாசி. சம்பந்தியம்மா மாப்பிள்ளையின் விரதத்தைப் பற்றி இப்போதே கவலைப்படுகிறார்களாம். நீஸில் சொக்கா என்று விற்பார்கள்: கொண்டைக்கடலை மாவை எண்ணெயோடு கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டெடுப்பது, மேலே மிளகு. ஜெனோவாவுக்குப் போனால் அதன் பெயர் ஃபரினாத்தா. இரண்டிலும் மீனோ முட்டையோ கிடையாது. ஆனால் பிஸலதியேர் என்று வெங்காயம் பரப்பிய ஒன்று இருக்கும். பார்க்க அப்பாவியாக இருந்தாலும் அதில் நெத்திலி உண்டு. அம்மா புளிக்காய்ச்சல் கட்டித்தருவாள், வேண்டாம் என்று சொல்லாதே.

நீஸிலிருந்து ஜெனோவாவுக்கு வென்டிமில்யாவில் வண்டி மாற வேண்டும். இடைவெளி ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். இத்தாலியில் உள்ளூர் வண்டிக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் நடைமேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் ஏறக்கூடாது. குத்தாமல் ஏறி நான் தண்டம் கட்டியிருக்கிறேன், அம்மா எதிரில். வேலைநிறுத்தம் வந்தாலும் வாரநாட்களில் காலை ஆறு முதல் ஒன்பது, மாலை ஆறு முதல் ஒன்பது வரை குறிப்பிட்ட வண்டிகள் ஓடியாக வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. நாங்கள் போனபோது சான்ரெமோவில் தண்டவாளம் கடலை ஒட்டியே போயிற்று. அதே 2001-இல் அதை மலைக்குள் மாற்றிவிட்டார்கள், நிலையம்கூட நிலத்தடியில்தான். பழைய பாதை இப்போது சைக்கிள் பாதையாகிவிட்டது.

ஜெனோவாவில் அறை எடுக்கச் சொல்வதில் என் சொந்த ஆசையும் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நியாயமும் உண்டு. சிங்க்வே தேர்ரே எனும் ஐந்து கடலோரக் கிராமங்களில் அறை கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை அதிகம். ஜெனோவாவிலிருந்து ஒரு நாள் விடியலில் கிளம்பினால் மொன்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா இரண்டையும் பார்த்து, நடுவிலுள்ள மலைப்பாதையில் நடந்து திரும்பலாம். ஐந்தையும் எண்ணி முடிக்க வேண்டாம். அந்தக் கரையில் இலையுதிர்கால மழை பொல்லாதது. 2011 அக்டோபர் 25 அன்று அந்த இரண்டு கிராமங்களும் சேற்றில் புதைந்தன. மழை எச்சரிக்கை இருந்தால் மலைப்பாதையை மூடிவிடுவார்கள், நீங்களும் போகாதீர்கள். மறுநாளைக் கமோலிக்கு வையுங்கள். அரை மணி, முக்கால் மணி ரயில்தான். மாலுமிகளின் ஊர், வீட்டுச் சுவர்களில் ஜன்னலைப் போலவே ஜன்னல் வரைந்திருப்பார்கள், எது மெய் எது பொய் என்று கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெரியும். அங்கிருந்து படகில் சான் ஃப்ருத்துவோசோ மடாலயத்துக்குப் போகலாம். படகில் அல்லது கால்நடையாக அன்றி அங்கே போக வழியே கிடையாது. அந்த விரிகுடாவின் அடியில் 1954-இல் கை விரித்த ஒரு கிறிஸ்து சிலையை இறக்கி வைத்திருக்கிறார்கள்.

மிலானை வரேன்னா போகும் வழியில் நான்கு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். பெட்டிகளை நிலையத்திலேயே காசு கொடுத்து வைக்கலாம். டா வின்சியின் கடைசி இராவுணவு ஓவியம் வேண்டுமென்றால் இப்போதே பதிவு செய். உள்ளே விடுவது 15 நிமிடம்தான், சீட்டுகள் மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். வரேன்னாவில் ஒன்றும் செய்யாதீர்கள். அட்டவணையில் அந்த முழு நாளையும் காலியாக விட்டிருக்கிறேன். சலித்தால் எதிர்க்கரையில் பெல்லாஜியோவுக்குப் படகு ஏறுங்கள், கால் மணி நேரம்.

வெனிஸில் அறை தீவுக்குள்ளேயே இருக்கட்டும், மலிவு என்று கரைநிலத்திலுள்ள மேஸ்த்ரேயில் எடுக்காதே. பகல் கூட்டம் ரயிலேறிப் போன பிறகு வரும் மாலைக்காகத்தான் அங்கே தங்குவது. நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டுகள். ஆளுக்கு ஒரு சிறிய பெட்டிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். கோண்டோலாவின் கட்டணத்தைக் கேட்டு மாப்பிள்ளை தயங்கினால், பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்க ஊர்க்காரர்கள் ஏறும் திராகெத்தோ இருக்கிறது. அதே மாதிரிப் படகு, சில யூரோதான், ஓரிரு நிமிடத்தில் அக்கரை.

திருத்திய அட்டவணையைத் தம்பி மூலம் அனுப்பியிருக்கிறேன். இரவுக் கணக்கு உங்கள் இருவருக்கும் சம்மதமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். திங்கட்கிழமை விசாவுக்கு நாள் குறிக்க வேண்டும்.

ஜெனோவாவில் போர்த்தெல்லோ சதுக்கத்திலிருந்து காஸ்தெல்லெத்தோ மேட்டுக்குப் பழைய லிஃப்ட் ஒன்று ஏறுகிறது. சாயங்காலம் அதில் ஏறுங்கள். வலப்பக்கக் கோடியில் 1543-இல் கட்டிய லந்தர்னா கலங்கரை விளக்கம் நிற்கும். கூரைகளுக்கு அப்பால் இடப்பக்கம் உலர்துறைகள் இருக்கும் திசை. அந்தப் பக்கம் ஏதாவது கப்பல் நின்றால் ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பு. அவள்தான் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா