தேக்கடி மழை தெரிகிறது, எங்கள் ஊர் மழை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் தேனி மாவட்டப் பக்கத்தில் தினமும் முல்லைப் பெரியாறு அணை மட்டமும் பெரியாறு, தேக்கடி மழையளவும் வருகின்றன. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அதுதான் கணக்கு. அவர்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலடியில் நிற்கிற எங்களுக்கு அந்தக் கட்டத்தால் பிரயோஜனம் இல்லை. தேக்கடி மழை மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிறது. 1895-ல் மலையைக் குடைந்து தண்ணீரைத்தான் இந்தப் பக்கம் திருப்பினார்கள், மேகத்தை அல்ல.

மேற்கே குமுளி மலை, கிழக்கே மேகமலை, நடுவில் நாங்கள். தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கைக் கேரளம் வாங்கிக்கொள்ளும். ஆனி, ஆடியில் எங்களுக்கு மிஞ்சுவது காற்றும் சாரலும்தான். அதுவும் எல்லோருக்கும் கிடையாது. குமுளிக் கணவாயை ஒட்டிய கூடலூர் நனைகிற அன்றைக்கு ஓடைப்பட்டியில் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கதையே வேறு. பள்ளத்தாக்கின் திறந்த வாய் வடகிழக்கில் இருக்கிறது. அந்தப் பருவமழை தடுப்பார் இல்லாமல் உள்ளே வந்துவிடும்.

பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாம் "குளுகுளு கம்பம்" என்றே ஆரம்பிக்கிறார்கள். சித்திரை மதியத்தில் பந்தலுக்குள் வந்து நின்று பார்க்கட்டும்! பிரான்ஸ், ஜெர்மனி பக்கத்து ஒயின் பள்ளத்தாக்குகளில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கும். வருடத்துக்கு ஒரே அறுவடை. இங்கே உறைபனியும் இல்லை, கொடிக்கு உறக்கமும் இல்லை. நாங்கள் கவாத்து வெட்டுகிற நாள்தான் அதற்குப் பருவம். அன்றிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். அதனால்தான் வருடம் முழுக்க எங்கேயாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கிறது.

சிக்கலும் அங்கேதான். ஒரு தோட்டம் பூவில் இருக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் பழம் கறுத்துத் தொங்கும். ஒரே மழை இங்கே பூவை உதிர்க்கும், அங்கே பழத்தை வெடிக்க வைக்கும். இலை விடியும்வரை ஈரமாகவே கிடந்தால் கொடியைக் கெடுக்கிற செவட்டை நோய் வந்துவிடும். சாயங்காலம் பெய்து நின்றதா, ராத்திரி பூராவும் தூறியதா என்று தெரிந்தால் மருந்து அடிப்பதா, விடுவதா என்று முடிவெடுக்கலாம். தெரியாதபோது பயத்திலேயே அடிக்கிறோம். செலவு எங்களுக்கு, மருந்து பழம் தின்கிறவர்களுக்கு.

எனவே கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ஓடைப்பட்டி ஆகிய ஐந்து ஊர்களின் மழையளவையும், அது பகலில் பெய்ததா இரவிலா என்பதையும் அணை மட்டத்துக்குக் கீழே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். மழைமானி இல்லாத ஊருக்கு ஒன்று வைக்கச் சொல்லி வேளாண் துறையையும் தாங்கள் கேட்கலாம். பக்கத்தில் இடம் போதாதென்றால் ராசிபலனில் நாலு வரி குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திராட்சை விவசாயி,
காமயகவுண்டன்பட்டி.