பத்தொன்பது நாள்

நாகர்கோவில்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள வத்தலுக்கு,

நாலு மாதமாக ஒரு வரி இல்லை, உன் போனையும் எடுக்கவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சௌக்கியம். சாரல் விடவில்லை, கொடியில் போட்ட துணி மூன்று நாளாக ஈரம். மகளுக்கு அடுத்த மாதம் ஏழாம் மாதம், பலகாரத்துக்கு முந்திரிக்கொத்து நான்தான் செய்ய வேண்டுமாம். உன் மூட்டுவலி எப்படி? சரி, விசாரிப்பு முடிந்தது.

இதைப் போனில் சொல்ல முடியாது மக்கா. கூடத்தில் அத்தான் இருக்கிறார். ரிட்டயர் ஆன ஆம்பளைக்குக் காது மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. வாய் வேறு கதை. அந்த வாய் என்னிடம் பேசிப் பத்தொன்பது நாள் ஆகிறது.

நான் எழுதிய கதை பத்திரிகையில் வந்துவிட்டது. இதோடு வைத்திருக்கிறேன். முதலில் கடிதம், பிறகுதான் கதை, வரிசை மாற்றாதே. சுசீந்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிற ஒருத்தி. புருஷன் மஸ்கட்டில், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். மரமலையிலிருந்து கிராம்பு கொண்டுவந்து கடை கடையாகப் போடுகிற ஒருத்தன், சட்டை தைக்க வருகிறான். அளவெடுக்கிறாள். அப்புறம் தெப்பக்குளத்தங்கரை, அப்புறம் கோயிலுக்குள் பதினெட்டடி அனுமார் முன்னால் எதேச்சையாகச் சந்திப்பதுபோல ஒரு சந்திப்பு. ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். அவளுக்குப் பல்வலி, அவன் பாக்கெட்டிலிருந்து ஒரு கிராம்பு எடுத்துக் கொடுக்கிறான். கடைவாயில் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். ராத்திரி புருஷன் போன் பண்ணும்போது வாயில் இன்னும் அந்தக் காரம் இருக்கிறது. அவ்வளவுதான் கதை.

பத்திரிகையிலிருந்து முதலில் ஒரு கடிதம் வந்தது. நடை நன்றாக இருக்கிறது, முடிவு மட்டும் போதவில்லை, அவள் குற்றவுணர்வில் ஏதாவது செய்துகொண்டால் கனம் கூடும் என்று. நம்ம ஊரில் மூன்று பக்கமும் கடல் இருக்கிறதில்லையா, ஒருத்தியைத் தள்ளிவிடச் செலவில்லை என்று நினைத்திருப்பார்கள். மாட்டேன் என்று எழுதினேன். எட்டு மாதம் கிடப்பில் போட்டுவிட்டு அப்படியே போட்டார்கள்.

பிறகு தொடங்கியது நம்ம ஊர் விமர்சனம். பறக்கை அத்தை ஆட்டோ பிடித்து வந்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா பஸ்ஸ விட்டு எறங்குன பெறவு என்ன நடந்துதுன்னு எழுதல்லியே மக்ளே?" ஒன்றும் நடக்கவில்லை அத்தை என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றம், நான் அதுவரை பார்த்ததில்லை. போகும்போது வாசலில் நின்று, "பிரம்மச்சாரி சாமி முன்னாடி வச்சு இதெல்லாம் வேணுமா?" என்றும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஏட்டி, வேறு எந்த ஊரில் வைத்து எழுத? சுசீந்திரம் என்கிற பேரே இந்த மாதிரிக் கதையில் வந்ததுதானே. கௌதமர் வேஷத்தில் அகலிகையிடம் போன இந்திரன் இங்கே வந்து சுசியானான், அதாவது சுத்தமானான், அதனால் சுசீந்திரம். இன்றைக்கும் அர்த்தஜாம பூஜையை அவனே வந்து செய்கிறான் என்கிறார்கள். தப்பு செய்தவனுக்கு ஒரு ஊர், ஒரு கோயில், தினசரி பூஜை செய்யும் உரிமை. அவளுக்கு? கல். சுசீந்திரத்திலேயே கைமுக்கு என்று ஒரு வழக்கம் இருந்ததே, ஞாபகமிருக்கிறதா, வரலாறு டீச்சர் சொல்லிக்கொடுத்த அன்று உனக்குக் குமட்டியதே. அடுத்தவளோடு தொடர்பு என்று பழி வந்த நம்பூதிரி கொதிக்கிற நெய்க்குள் கையை விட வேண்டும், கை வெந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் காலத்தில்தான் அதை நிறுத்தினார்கள். அந்தத் தெருவில் ஒருத்தி கிராம்பைக் கடைவாயில் அடக்கினாள் என்று எழுதியதற்கு எனக்கு இந்தப் பாடு.

வக்கீல் மைனி அவள் பங்குக்கு வந்தாள். கதையில் வருகிற புருஷன் கேஸ் போட்டால் நிற்குமா என்று அத்தை கேட்டாளாம்! மைனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் கள்ளத்தொடர்புக்கு 497ஆம் பிரிவு இருந்த காலத்தில் பொண்டாட்டிமேல் கேஸ் கிடையாது, அவளோடு போனவன்மேல் மட்டும்தான், ஐந்து வருஷம் வரை உள்ளே போடலாம். அதுவும் புருஷன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லையாம். பக்கத்து வயல்காரனிடம் கேட்டுவிட்டு வாய்க்காலைத் திருப்புவது மாதிரி. 2018 செப்டம்பர் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை எடுத்துவிட்டது. இப்போது விவாகரத்துக்கு ஒரு காரணம், ஜெயில் இல்லை. "கிராம்பு கொடுத்ததுக்கு அப்பவும் ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிவிட்டு இரண்டு மட்டிப்பழத்தைத் தின்றுவிட்டுப் போனாள்.

இவர்களை எல்லாம் சமாளித்துவிட்டேன். அத்தான்தான்.

கதை வந்த அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து படித்தார். நான் உள்ளே பயறு உடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் நான் எழுதிய எதையும் அவர் முழுதாகப் படித்ததில்லை, உனக்குத் தெரியும். இதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். உள்ளே வந்தார்.

"மரமலைக்கு நீ எப்பம் போன?"

நான் போனதே இல்லை என்றேன். அது உண்மைதானே.

"அப்பம், மொட்டா இருக்கும்போதே பறிக்கணும், பூத்துட்டா விலை போவாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

2021இல் நம்ம கிராம்புக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது பேப்பரில் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது வரவில்லை. "யாரோ சொன்னாங்க" என்றேன். அந்த 'யாரோ'தான் மக்கா, பத்தொன்பது நாளாக எங்கள் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

சண்டை போட்டாலாவது நானும் நாலு கேட்பேன். அவர் சண்டை போடவில்லை. காக்காவிடம் பேசுகிறார். "வெந்நி ஆயிட்டான்னு கேளு" என்று சன்ஷேடைப் பார்த்துச் சொல்கிறார். புளிமுளம் வைத்தால் சத்தமில்லாமல் தின்றுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். முப்பது வருஷம் குறள் நடத்தியவள் நான். ஊடல் என்றால் பொம்பளை மூஞ்சியைத் தூக்கிக்கொள்வது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பரத்தை வீட்டுக்குப் போய்வருகிறவன் அவன், கதவடைக்கிறவள் இவள். புருஷன் தும்மியதற்கு, யாரை நினைத்துத் தும்மினாய் என்று அழுகிறாளே, அந்தக் குறளுக்கு வகுப்பே சிரிக்கும். எங்கள் வீட்டில் தும்மினது நான், அழுகிறது அவர். அதுவும் மையில் செய்த ஒரு ஆளுக்காக.

இனிமேல் வருவதைப் படித்துவிட்டு இந்தத் தாளைக் கிழித்துவிடு.

மையில் செய்த ஆள் இல்லை. 1985, நாம் இரண்டாம் வருஷம், ஓணம் லீவு முடிந்து குலசேகரத்திலிருந்து ஹாஸ்டலுக்குத் திரும்புகிறோம். துணைக்கு உங்கள் அண்ணன் வந்தார். நீ ஏறினவுடனே ஜன்னலில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து தூங்கிவிட்டாய். எனக்குக் கடைவாய்ப் பல்வலி, கண்ணில் தண்ணீர். அவர் சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு கிராம்பு எடுத்து, தலையில் ஒட்டியிருந்த நூலை நகத்தால் எடுத்துவிட்டு, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவரே வாயில் போட்டுவிடவில்லை, நீ வேறு எதையும் கற்பனை பண்ணாதே. வேர்க்கிளம்பியிலிருந்து தக்கலை வரைக்கும் கிராம்பு பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மொட்டு பச்சையிலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறுகிறபோது பறிக்கணும், பூத்தால் போச்சு, வெயிலில் காயப்போட்டால் கறுத்து வரும் என்று. தக்கலையில் நீ எழுந்து கடலை வேண்டும் என்றாய். அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் கல்யாணம். பந்தியில் அடைப்பிரதமனை நான் தொடவில்லை. என்னட்டி என்று கேட்டாய். பல்வலி என்றேன். நீ அதை இன்றைக்கு வரைக்கும் சொல்லிச் சிரிக்கிறாய், பாயசப் பந்தியில் பல்வலி வந்தவள் என்று.

உன்னிடம் மறைத்ததற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது, கிராம்பு கொடுத்ததே ஞாபகம் இருக்காது. அத்தானிடம் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு பஸ், ஒரு மொட்டு. சொன்னால் கேவலமாக இருக்கும். சொல்லாமல் விட்டால் இன்னும் பெரிதாக ஏதோ இருக்கிற மாதிரி ஆகிறது. ஒரு நாள் ராத்திரி எழுந்து உட்கார்ந்து, பேசாமல் சொல்லிவிடலாம் என்று அவர் பக்கம் திரும்பினேன். விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தானுக்குக் கிராம்பு ஆகாது, தெரியும்தானே? பிரியாணியில் ஒன்று கடிபட்டால் கொல்லைப்புறம் வரை போய்த் துப்பிவிட்டு வருவார். வெற்றிலையில் வைத்தால்கூடப் பொறுக்கிப் போட்டுவிடுவார்.

நேற்று காலையில் அவர் வடசேரி சந்தைக்குப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டில் வழக்கமான சில்லறை, பஸ் டிக்கெட், மீன்காரியிடம் வாங்கின கணக்குச் சீட்டு. அதோடு பேப்பர்த் துண்டில் மடித்து ஐந்து கிராம்பு. ஒன்றில் தலை இல்லை. கடித்துப் பார்த்துவிட்டு, துப்பாமல் எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறார்.

துணிக்கல் பக்கத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். நல்லதில் ஒன்றை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். மீதி நாலையும் அதே மாதிரி மடித்து, இஸ்திரி போட்டு வைத்திருந்த நீலச் சட்டையின் பாக்கெட்டில் வைத்துவிட்டேன். இன்று காலை அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

காக்கா கத்துகிறது, சோறு எடுத்து வைக்க வேண்டும். பதில் போடு, போன் பண்ணாதே.

உன்
வடகம்